எபிசோட் 37: இன்னொரு மாத்திரை போட்டுக்கலாமா?

போன ஐப்பசியில ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பா என்னை எழுப்பினார். வலது கால் பெருவிரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கியிருந்தது. அடிபடவில்லை, பூச்சி எதுவும் கடிக்கவில்லை. போர்வை நுனி பட்டால்கூட கத்துகிறார். காலையில டாக்டர் பார்த்த உடனே சொல்லிட்டார்: கவுட். ரத்தத்துல யூரிக் அமிலம் கூடி, அது ஊசி ஊசியாப் படிகமாகி மூட்டுக்குள்ள இறங்கிடும். உடம்பு அந்த ஊசிகளை எதிரின்னு நினைச்சு வெள்ளணுக்களை அனுப்பும். அங்கே நடக்கிற சண்டைதான் அந்த வலி.

டாக்டர் எழுதிக் கொடுத்தது ஒரு சின்ன மாத்திரை. கோல்சிசின், 0.5 மில்லிகிராம். எத்தனை போடணும், எப்போ போடணும்னு எழுதி அடியில கோடு போட்டார். அப்பா கேட்டார், "வலி போகலைன்னா இன்னொன்னு போட்டுக்கலாமுங்களா?" டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "கூடாது. வலி போகலைன்னா எனக்குப் போன் பண்ணுங்க."

பாராசிட்டமாலுக்கு யாரும் இவ்வளவு கறாராச் சொல்லிக் கேட்டதில்லை. அன்னைக்கு சாயங்காலம் ஊரிலிருந்து அத்தை போன்ல விசாரிச்சாங்க. மாத்திரை பேரைச் சொன்னேன். எங்க ஊர் மூலனூர் பக்கம். அத்தை சிரிச்சுட்டாங்க. "அட, அது நம்ம கண்வலிக்கிழங்கு மருந்துதான் கண்ணு. இங்க வேலியிலயே கெடக்குது. அதுக்குப் போயி கடையில காசு குடுத்தீங்களா?"

அத்தை சொன்னது உண்மை. அதே சமயம், அதைக் கேட்டு யாராவது வேலியில தோண்டிச் சாப்பிட்டால் பிழைப்பது கஷ்டம். அதுவும் உண்மை. இந்த ரெண்டு உண்மைக்கும் நடுவுல சுமார் ஆயிரத்து நானூறு வருஷக் கதை ஒண்ணு இருக்கு. அப்பா கேட்டாரே ஒரு கேள்வி, அதோட வரலாறுதான் இந்த எபிசோட்.

கதை கருங்கடல் ஓரத்துல தொடங்குது. இன்றைய ஜார்ஜியா நாட்டுக் கடற்கரையை அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் கோல்கிஸ் என்பார்கள். அவர்களுடைய புராணத்தில் மீடியா என்கிற மந்திரக்காரி, விஷம் வைப்பதில் கெட்டிக்காரி, அந்த ஊர்க்காரி. இலையுதிர் காலத்தில் இலையே இல்லாமல் மண்ணிலிருந்து நேராக எட்டிப் பார்க்கும் ஊதா நிறப் பூ ஒன்று உண்டு. அதற்கு அந்த ஊர்ப் பேரையே வைத்தார்கள்: கோல்சிகம். விஷக்காரி ஊர்ப் பூ. முதல் நூற்றாண்டில் மூலிகை நூல் எழுதிய டயாஸ்கோரிடிஸ் இதை மருந்தாகச் சேர்க்கவில்லை, எச்சரிக்கையாகச் சேர்த்தார். காளான் கொல்வது போலக் கொல்லும், தெரியாமல் யாரும் தின்றுவிடக் கூடாது, அதனால்தான் எழுதுகிறேன் என்கிற தொனி.

ஐநூறு வருஷம் கழித்து, ஆறாம் நூற்றாண்டில், டிரால்லஸ் ஊரைச் சேர்ந்த அலெக்சாண்டர் என்கிற வைத்தியர் வருகிறார். இவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர்தான் கான்ஸ்டான்டிநோபிளில் ஹகியா சோஃபியாவை வடிவமைத்த அந்தேமியஸ். ஒரே வீட்டில் அப்படி ஒருத்தர், இப்படி ஒருத்தர். ஹெர்மோடாக்டில் என்ற கிழங்கு கவுட் வலியை அடக்கும் என்று அலெக்சாண்டர் எழுதி வைத்தார். அது கோல்சிகம் வகைக் கிழங்குதான் என்பது இன்றைய பொதுவான கருத்து. கூடவே, வயிற்றைக் கலக்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஹெர்மோடாக்டில் என்றால் 'ஹெர்மிஸின் விரல்' என்று அர்த்தம். நம்ம சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்குக் காந்தள் பூவை உவமை சொல்வார்கள் இல்லையா? அங்கேயும் விரல், இங்கேயும் விரல். ரெண்டு செடிக்குள்ளும் ஒரே விஷம் இருப்பது ரெண்டு பக்கத்துக்கும் அப்போ தெரியாது. இது வெறும் தற்செயல்தான். ஆனாலும் படிச்சப்போ எனக்குச் சிலிர்த்துச்சு, அதனால சொல்லிட்டேன்.

அரபு மருத்துவர்கள் இதை சூரிஞ்சான் என்ற பேரில் எடுத்துக்கொண்டார்கள். யுனானியில் இன்றும் மூட்டு வலிக்கு அந்தப் பேர் புழங்குகிறது. ஐரோப்பாவில்தான் கதை வேறு மாதிரி போனது. பதினேழாம் நூற்றாண்டில் லண்டனில் தாமஸ் சிடன்ஹாம் என்கிற பெரிய மருத்துவர். அவருக்கே பல வருஷமாகக் கவுட். 1683இல் அந்த நோயைப் பற்றி அவர் எழுதிய நூலை இப்போது படித்தாலும் வலிக்கும், அவ்வளவு துல்லியம். ஆனால் வயிற்றைக் கலக்கும் மருந்து எதுவும் கவுட்டுக்கு ஆகாது என்பது அவருடைய தீர்மானம். சிடன்ஹாம் சொன்னால் மறுபேச்சு கிடையாது. வேலை செய்யும் மருந்து ஒன்று ஏட்டிலேயே கிடந்தது, யாரும் தொடவில்லை. கவுட்டை நன்றாகத் தெரிந்த ஒருவரே கவுட் மருந்தைத் தள்ளி வைத்துவிட்டார்.

1763இல் வியன்னாவில் அன்டன் ஃபான் ஸ்டோர்க் என்கிற மருத்துவர் கோல்சிகத்தை மறுபடி வெளியே எடுத்தார். கவுட்டுக்கு இல்லை, உடம்பில் நீர் கோக்கும் நோய்க்கு. விஷச் செடிகளைத் தானே சாப்பிட்டுப் பார்ப்பது அவருடைய வழக்கம். (ஐடியில இதுக்கு 'டைரக்டா புரொடக்ஷன்ல டெஸ்ட் பண்றது'ன்னு பேரு. செய்யாதீங்க.)

அதுக்கப்புறம் வருபவர் டாக்டரே இல்லை. நிக்கோலா ஹுஸ்ஸான், பிரெஞ்சுப் படை அதிகாரி. 1780களில் 'ஓ மெடிசினால்' என்று ஒரு தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்றார். மருந்துத் தண்ணீர் என்றுதான் அர்த்தம். உள்ளே என்ன இருக்கிறது? ரகசியம். விலை? கேட்கவே வேண்டாம். ஆனால் கவுட்டுக்குக் கேட்டது. லண்டனில் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸ், கேப்டன் குக்குடன் உலகம் சுற்றிய தாவரவியலாளர், வயதான காலத்தில் கவுட்டால் சக்கர நாற்காலியில் இருந்தார். அவரே இந்தத் தண்ணீரைக் குடித்து ஆறுதல் அடைந்தார். உலகத்துச் செடிகளை எல்லாம் பட்டியல் போட்ட மனுஷன், எந்தச் செடி என்று தெரியாமலே ஒரு செடியின் சாற்றைக் குடிக்கிறார்.

1814இல் ஜான் வான்ட் என்கிற லண்டன் அறுவை மருத்துவர் ரகசியத்தைப் போட்டு உடைத்தார்: அது கோல்சிகம். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னாடி அலெக்சாண்டர் எழுதி வைத்த அதே கிழங்கு. ஏட்டில் இலவசமாக இருந்ததை ஹுஸ்ஸான் பாட்டிலில் அடைத்து ரகசியம் என்று விற்றிருக்கிறார். இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, இருநூறு வருஷம் கழிச்சு இதே கதை வேற டிரெஸ் போட்டுக்கிட்டு மறுபடி வரும்.

பிறகு வேதியியல்காரர்கள். 1820இல் பாரிசில் பெல்லெட்டியேவும் காவன்டூவும் கோல்சிகத்திலிருந்து சத்தைப் பிரித்தார்கள். மலேரியாவுக்கான குயினைனைப் பிரித்ததும் அதே வருஷம், அதே இருவர். 1833இல் ஜெர்மனியின் கைகர் அதைச் சுத்தமாக்கி கோல்சிசின் என்று பேர் வைத்தார். இதனால் என்ன லாபம்? கிழங்கு மழைக்கு ஒரு மாதிரி இருக்கும், வெயிலுக்கு ஒரு மாதிரி. ஒரு துண்டில் சத்து எவ்வளவு என்று தின்பவனுக்குத் தெரியாது. தூளாக்கினால் எடை போடலாம். அளவு என்கிற பேச்சே அதுக்கப்புறம்தான் அர்த்தமாகிறது.

ஆனாலும் அளவை யாரும் ஒழுங்காகக் கண்டுபிடிக்கவில்லை. அதுக்கு முன்னாடி, இந்த மருந்து உடம்புக்குள்ள என்ன பண்ணுதுன்னு பார்த்துடுவோம். இல்லைன்னா டாக்டர் ஏன் அப்படிக் கறாராச் சொன்னார்னு புரியாது.

நம்ம செல்லுக்குள்ளே மெல்லிய குழாய்கள் தண்டவாளம் மாதிரி ஓடுகின்றன. தேவைக்கு நீளும், வேலை முடிந்தால் கழன்றுவிடும். டியூபுலின் என்ற புரதத்தைச் செங்கல் செங்கலாக அடுக்கித்தான் செல் இந்தத் தண்டவாளத்தைப் போடுகிறது. கோல்சிசின் போய் அந்தச் செங்கல்லில் ஒட்டிக்கொள்ளும். அடுக்க முடியாது, தண்டவாளம் நீளாது. வெள்ளணு ஊசிப் படிகத்தை நோக்கி நகர வேண்டும் என்றாலும், அழற்சியைக் கிளப்பும் கூட்டுப் பொறி உள்ளே ஒன்றுசேர வேண்டும் என்றாலும் இந்தத் தண்டவாளம் வேண்டும். அது இல்லாவிட்டால் சண்டை அடங்கும், வலி குறையும்.

ஆனால் செல் இரண்டாகப் பிரிவதற்கும் இதே தண்டவாளம்தான். உடம்பில் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் செல்கள் குடலின் உட்சுவரிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்கின்றன. அளவு கூடினால் முதலில் குடல் கழன்று கொட்டும், பிறகு மஜ்ஜை நிற்கும், பிறகு ஒவ்வொரு உறுப்பாக. முறிவு மருந்து கையில் கிடையாது. அதாவது, குணப்படுத்துவதும் கொல்வதும் ரெண்டு தனித்தனி வேலை இல்லை. ஒரே வேலை. எங்கே நிறுத்துறோம் என்பதுதான் வித்தியாசம்.

இந்த விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால், புரதத்தைக் கண்டுபிடித்து அதற்கு மருந்து தேடவில்லை, மருந்தை வைத்துத்தான் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். 1967இல் சிகாகோவில் போரிசியும் டெய்லரும், கோல்சிசின் செல்லுக்குள் எதைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது என்று தேடிப்போய்த்தான் டியூபுலினைப் பிடித்தார்கள். அதற்கும் முன்னாடி, 1955 டிசம்பரில், ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோ கோல்சிசினால் செல்களைப் பிரியும் நடுவிலேயே நிறுத்தி வைத்து குரோமோசோம்களை எண்ணினார். பாடப் புத்தகம் எல்லாம் 48 என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். அவர் எண்ணியபோது 46. மனுஷனுக்கு எத்தனை குரோமோசோம் என்று நமக்குச் சரியாகத் தெரிந்ததில் ஒரு கவுட் மருந்துக்குப் பங்கு உண்டு. நீங்க வாங்கற விதையில்லாத தர்பூசணிக்கும் உண்டு, ஆனா அது இன்னொரு எபிசோட்.

இப்போ அளவுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டு முழுக்க டாக்டர்கள் கோல்சிசின் கொடுத்த முறை இது: மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே இருங்கள். வலி போனால் நிறுத்துங்கள், இல்லையா, வாந்தி பேதி ஆனால் நிறுத்துங்கள். நிஜமாகவே இப்படித்தான் புத்தகத்தில் இருந்தது. அப்பா கேட்ட கேள்விக்கு நூறு வருஷமாக மருத்துவம் சொன்ன பதில், "போட்டுக்கோங்க, வயிறு சொல்லும்."

இதை முதல் முறையாக ஒழுங்காகச் சோதித்தது 1987இல், ஆஸ்திரேலியாவில். 43 நோயாளிகள். பாதிப் பேருக்குக் கோல்சிசின், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. மருந்து வேலை செய்தது. ஆனால் கோல்சிசின் எடுத்த ஒவ்வொருவருக்கும் வாந்தியோ பேதியோ வந்தது. ஒருத்தர்கூடத் தப்பவில்லை. பெரும்பாலானவர்களுக்கு வலி குறையும் முன்னாடியே வயிறு போய்விட்டது.

அப்புறம் 2010இல் வெளியான ஆய்வு. ஒரு கூட்டத்துக்குப் பழைய மாதிரி, ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம். இன்னொரு கூட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் மொத்தமே 1.8. மூன்றாவது கூட்டத்துக்கு வெறும் மாத்திரை. ஒரு நாள் கழித்து வலி பாதியாவது குறைந்தவர்கள், குறைந்த அளவில் நூற்றுக்கு 38 பேர், அதிக அளவில் 33 பேர், வெறும் மாத்திரையில் 16 பேர். பேதி? அதிக அளவில் 77 பேர், குறைந்த அளவில் 23 பேர்.

இந்த எண்களைக் கொஞ்சம் பாருங்க. அளவை ரெண்டரை மடங்குக்கு மேல் ஏற்றியதில் வலிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கூடினது பேதி மட்டும்தான். அலெக்சாண்டர் காலத்திலிருந்து தெரிந்த மருந்து, அதைக் குறைவாகக் கொடுத்தால் போதும் என்று அழுத்திச் சொல்ல 2010 வரை ஆகியிருக்கிறது. என் அனுபவத்துல இது அப்படியே பழைய கோடு மாதிரி. யாரோ எப்பவோ ஒரு எண்ணை எழுதி வெச்சிருப்பாங்க. ஓடுது, தொடாதேம்பாங்க. அந்த எண் தப்புன்னு பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. இங்கே அந்த நேரத்துல பேதியாகிக்கிட்டு இருந்தது மனுஷங்களுக்கு, அவ்வளவுதான்.

சரி, அந்த ஆய்வுக்குப் பணம் போட்டது யார்? யுஆர்எல் ஃபார்மா என்கிற அமெரிக்கக் கம்பெனி. காரணமும் இருந்தது. அமெரிக்காவில் கோல்சிசின் அவ்வளவு பழைய மருந்து, மருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வருவதற்கு முன்னாலேயே புழக்கத்தில் இருந்ததால் தனி மாத்திரையாக முறைப்படி யாரும் அனுமதி வாங்கவே இல்லை. பல கம்பெனிகள் செய்தன, ஒரு மாத்திரை 9 சென்ட்டுக்குக் கிடைத்தது. 2006இல் எஃப்டிஏ, இப்படி அனுமதி இல்லாமல் ஓடும் பழைய மருந்துகளை ஒழுங்குபடுத்தக் கிளம்பியது. ஆய்வு செய்து வாருங்கள், பரிசாகத் தனி உரிமை தருகிறோம் என்றது. யுஆர்எல் செய்தது. 2009 ஜூலையில் கோல்கிரிஸ் என்ற பேரில் அனுமதி கிடைத்தது. கவுட்டுக்கு மூன்று வருஷம், மத்தியதரைக் கடல் பகுதி மக்களுக்கு வரும் ஒரு பரம்பரைக் காய்ச்சலுக்கு ஏழு வருஷம் தனி உரிமை. 2010இல் மற்றக் கம்பெனிகளின் மாத்திரைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு. ஒரு மாத்திரையின் விலை 9 சென்ட்டிலிருந்து 4 டாலர் 85 சென்ட்டுக்குப் போனது. ஐம்பது மடங்குக்கும் மேல். 2012இல் ஜப்பானின் டகேடா, யுஆர்எல் கம்பெனியையே 80 கோடி டாலருக்கு வாங்கியது.

நான் இதில் கம்பெனியை மட்டும் வில்லனாக்கத் தயாரில்லை. அந்த 1.8 மில்லிகிராம் எண் நமக்குக் கிடைத்தது அந்தப் பணத்தில்தான். கிளாரித்ரோமைசின் மாதிரி சில மருந்துகளுடன் கோல்சிசினைச் சேர்த்தால் ஆள் போய்விடலாம் என்பது லேபிளில் தெளிவாக ஏறியதும் அதனால்தான். அரசாங்கமே காசு போட்டு ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த ஆய்வைச் செய்திருக்கலாம், செய்யவில்லை. ஆனால் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. மருந்துக்குக் காப்புரிமை வாங்க முடியாது, அது எல்லாருக்கும் தெரிந்த பழைய பொருள். அதனால் கம்பெனி காப்புரிமை வாங்கியது எதற்குத் தெரியுமா? எவ்வளவு கொடுக்க வேண்டும் என்கிற முறைக்கு. ஹுஸ்ஸான் கிழங்கை ரகசியமாக்கி விற்றார். இவர்கள் அளவைச் சொந்தமாக்கி விற்றார்கள்.

இந்தியாவில் நமக்கு அந்த விலை வரவில்லை. அப்பாவின் மாத்திரை சில ரூபாய்தான்.

இனி அத்தை சொன்ன வேலிக்கு வருவோம். செங்காந்தள், கோல்சிகத்தின் தூரத்துச் சொந்தம், இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். 1915இல் இங்கிலாந்தில் கிளூவர், கிரீன், டியூட்டின் என்ற மூவர் இதன் கிழங்கிலும் கோல்சிசின் இருப்பதைக் காட்டினார்கள். விதையில் இன்னும் அதிகம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் முதல் பேர் இது. நம்ம மாநிலப் பூ. ஈழத்தில் கார்த்திகைப் பூ. கிழங்கு ஏர் மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு. இலங்கையில் இதை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று செத்தவர்கள் உண்டு, தெரிந்தே தின்று செத்தவர்களும் உண்டு. நம் ஊரிலும் இந்தக் கிழங்கைப் பற்றிப் பெரியவர்கள் பேசும்போது குரல் தணியும்.

திருப்பூர் மாவட்டத்தின் மூலனூர், தாராபுரம், வெள்ளகோவில், அந்தப் பக்கம் ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி. இங்கெல்லாம் இது வேலிச் செடி இல்லை, வெள்ளாமை. விதை கோல்சிசினாகவும், இடுப்பு வலி, கழுத்து வலிக்கு நம்ம டாக்டர்கள் எழுதும் தயோகோல்சிகோசைடாகவும் மாறி உலகம் முழுக்கப் போகிறது. போகும் விலை மட்டும் விவசாயி கையில் இல்லை. வியாபாரி சொல்வதுதான் விலை, வருஷத்துக்கு வருஷம் ஏறும், விழும். அரசே குறைந்தபட்ச விலை வைக்கணும் என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கார்த்திகையில் அப்பாவுக்குக் கால் சரியானதும் ரெண்டு பேரும் ஊருக்குப் போனோம். அத்தை ஒரு தெரிந்தவர் காட்டுக்குக் கூட்டிப் போனாங்க. காலை ஆறரை மணி. கம்பிப் பந்தலில் கொடி ஏறி, பூ கீழே மஞ்சளும் மேலே சிவப்புமா எரிகிறது. அஞ்சாறு பெண்கள் வரிசையா நின்று ஒவ்வொரு பூவையும் கையில் பிடித்து, மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டு வைக்கிறார்கள். இந்தப் பூவில் சூல்தண்டு ஒரு பக்கமாக மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் தினமும் காலையில், அன்று விரிந்த ஒவ்வொரு பூவுக்கும், ஒரு கை வேண்டும். தொட்ட பூ காயாகி, முற்றி வெடித்து, ஆரஞ்சு நிற விதை கைக்கு வரத் தை, மாசி ஆகும்.

நானும் ஒரு வரிசை செய்து பார்த்தேன். பத்து பூவுக்குள்ள கழுத்து வலிச்சுது. அவங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே ஒரு பாத்தியை முடிச்சிட்டாங்க. அப்பா பந்தல் ஓரத்துல நின்னு ரொம்ப நேரம் ஒரு பூவையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "இதுல எத்தனை பூ சேர்ந்தா என் மாத்திரை ஒண்ணு?"ன்னு கேட்டார். எனக்குத் தெரியலை.

எட்டு மணிக்கு டீ வந்தது. டம்ளரை எடுக்கக் கையை நீட்டினேன். வரிசையிலேயே மூத்தவங்க, நிமிராமலே ஒரு அதட்டல் போட்டாங்க. "முதல்ல போயி கையக் கழுவு கண்ணு. சோப்புப் போட்டுக் கழுவு. அப்பறமா டீயத் தொடு."